சின்னம்மைத் தடுப்பூசி: இரண்டாவது டோஸும் வீட்டுப் பெரியவர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சின்னம்மை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குறை சொல்வதற்காக எழுதவில்லை, கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் இது குழந்தைகளுக்கு வருகிற நோய், ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே போய்விடும் என்கிற மாதிரி ஒரு வரி அதில் இருந்தது. அதே நினைப்பில்தான் நானும் 37 வயது வரை இருந்தேன். அப்புறம் என் மகனிடமிருந்து எனக்கு வந்து, நுரையீரலில் இறங்கி, 9 நாள் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். படுத்திருந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் மருத்துவர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை மற்ற பெற்றோரிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாங்கள் எங்கே கோட்டை விட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். மகனுக்கு 15 மாதத்தில் சின்னம்மை ஊசி முதல் டோஸ் போட்டாகிவிட்டது. இரண்டாவது டோஸ் போடவில்லை. போடக் கூடாது என்று எங்களுக்கு ஒரு கொள்கையும் கிடையாது, போட்டாச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். தடுப்பூசி அட்டையில் எம்எம்ஆர் என்று எழுதி இரண்டு தேதி இருந்தது, அதைப் பார்த்துவிட்டு "அம்மை ஊசி ரெண்டும் முடிஞ்சுது" என்று மனைவியிடம் சொன்னவன் நான்தான். நம் மொழியில் எல்லாமே அம்மைதானே! பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றும் வெவ்வேறு வைரஸ்கள், பெயரில்தான் அக்கா தங்கை. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவித்தாகிவிட்டது. எம்எம்ஆர் ஊசி தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் உரியது, அதில் சின்னம்மை இல்லை. சின்னம்மையையும் சேர்த்து எம்எம்ஆர்வி என்று ஒரு கூட்டு ஊசி உண்டு, கடைசியில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அட்டையில் அந்த எழுத்து இருக்கிறதா, இல்லையென்றால் வேரிசெல்லா என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சின்னம்மைக்கு மருத்துவர்கள் எழுதும் பெயர் அதுதான். யாராவது 'அம்மை ஊசி' என்று சொன்னால் எந்த அம்மை என்று திருப்பிக் கேளுங்கள். இந்த ஊசி சில நாடுகளில் அரசின் தடுப்பூசித் திட்டத்திலேயே இருக்கிறது, சில நாடுகளில் இல்லை. இல்லாத இடத்தில் யாரும் கூப்பிட்டு நினைவுபடுத்த மாட்டார்கள், நாமே போய்க் கேட்டால்தான் உண்டு.

ஒரு டோஸ் போதாதா என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். கடுமையான நோயிலிருந்து ஒரு டோஸே நன்றாகக் காப்பாற்றுகிறது, அதில் சந்தேகமில்லை. லேசாக வருவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்தான் ஒரு டோஸின் பாதுகாப்பு சுமார் 80 சதவீதத்தில் நிற்கிறது, இரண்டு டோஸ் போட்டால் 90-ஐத் தாண்டுகிறது. அமெரிக்காவில் 1995-இல் ஒரே டோஸோடு தான் ஆரம்பித்தார்கள், ஊசி போட்ட பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளிலேயே நோய் பரவுவதைப் பார்த்துவிட்டு 2006-இல் இரண்டாவதையும் சேர்த்தார்கள். முதல் டோஸ் பொதுவாக 12 முதல் 18 மாதத்துக்குள், இரண்டாவது பல நாடுகளில் 4 முதல் 6 வயதுக்குள். சில இடங்களில் இரண்டாவதை இன்னும் சீக்கிரமே போட்டுவிடுகிறார்கள், குழந்தைகளுக்கு முதல் டோஸுக்குப் பிறகு 3 மாதம் இடைவெளி விட்டால் போதும். 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் இரண்டு டோஸ்தான், குறைந்தது 4 வாரம் இடைவெளியில். இரண்டாவது விட்டுப்போய் வருடக்கணக்கில் ஆகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்டுப்போன ஒன்றைப் போட்டுக்கொண்டால் சரி.

இனி மகனுக்கு வந்த கதை. ஐந்து வயது. ஒரு நாள் காலையில் வயிற்றிலும் முதுகிலும் சிவப்பாகப் புள்ளிகள், எண்ணினால் முப்பதுகூட இருக்காது. காய்ச்சல் இல்லை, விளையாட்டும் குறையவில்லை. ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்று களிம்பு தடவிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டோம், அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஊசி போடாத குழந்தைக்குச் சின்னம்மை வந்தால் 250 முதல் 500 கொப்புளங்கள் வரை போடும், நல்ல காய்ச்சல் அடிக்கும், சிவப்புப் புள்ளி, நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் உடம்பில் இருக்கும், யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். ஊசி போட்ட பிறகும் வருகிற சின்னம்மை இப்படி இருக்காது. பெரும்பாலும் 50 புள்ளிக்குள் நின்றுவிடும், நீர் கோக்காமலே போகும், காய்ச்சல் இருக்காது அல்லது பெயருக்கு இருக்கும். பிள்ளைக்கு இது நல்லதுதான், ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் லேசாக வந்தாலும் தொற்றும். 50 புள்ளிக்குக் குறைவாக இருந்தால் ஊசி போடாதவர் பரப்புவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் பரப்புவார்கள் என்கிறார்கள், அந்தப் பங்கே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த வைரஸ் காற்றில் பரவுவது, கொப்புளத்து நீர் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஒருவருக்கு முழுமையாக வந்துவிட்டால், எதிர்ப்புச் சக்தி இல்லாத மற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வந்துவிடும். புள்ளி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்ற ஆரம்பித்து, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை தொற்றிக்கொண்டேயிருக்கும். பொருக்கு உதிரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, எல்லாம் காய்ந்துவிட்டால் பள்ளிக்கு அனுப்பலாம். ஊசி போட்ட பிள்ளைக்குப் பொருக்கே தட்டாமல் போகலாம், அப்போது 24 மணி நேரமாகப் புதிய புள்ளி எதுவும் வரவில்லை என்றால் சரி. தொற்றியவருக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு வாரம்.

எனக்குச் சரியாகப் பதினைந்தாவது நாள். மகனின் புள்ளிகளை மறந்தேவிட்டோம். முதலில் உடம்பு வலி, ஃப்ளூ என்று நினைத்துப் படுத்தேன். மறுநாள் நெற்றியில் இரண்டு, மாலைக்குள் உடம்பு முழுக்க. வாய்க்குள்ளும் கூட. இந்த வயதில் இதெல்லாம் எங்கே வரப்போகிறது என்று இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தேன். மூன்றாம் நாள் மாடிப்படி ஏற முடியவில்லை, மூச்சு வாங்கியது, இருமல் வேறு. போன இடத்தில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் யாருக்காவது இருந்ததா?" அப்போதுதான் பூச்சிக்கடி நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில் எனக்கு நானே செய்துகொண்ட கெடுதல் இரண்டு. ஒன்று, அசைக்ளோவிர் என்று இந்த வைரஸுக்கு மருந்து இருக்கிறது, பெரியவர்களுக்குக் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதனால் முழுப் பலன். நான் அந்த நேரத்தில் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, மகனுக்குப் புள்ளி போட்ட அன்றே கண்டுபிடித்திருந்தால் எனக்கு அன்றே ஊசி போட்டிருக்கலாம். ஆமாம், சின்னம்மைக்காரரோடு பழகிய பிறகும் இந்த ஊசியைப் போடலாம், 3 நாளுக்குள் போட்டால் நல்ல வாய்ப்பு, 5 நாள் வரை முயலலாம், நோயே வராமல் போகும் அல்லது லேசாக வந்து போகும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை என்று பள்ளியிலிருந்து செய்தி வந்தால் அதைப் படித்துவிட்டு ஓரமாக வைக்காமல், அன்றைக்கே வீட்டில் யார் யாருக்கு ஊசியும் போடவில்லை, நோயும் வந்ததில்லை என்று பாருங்கள்.

பெரியவர்களுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஊசி வருவதற்கு முன் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்தது, 100 முதல் 150 பேர் வரை இறந்தார்கள். நோய் வந்தவர்களில் பெரியவர்கள் 5 சதவீதம்தான், இறந்தவர்களில் அவர்கள் 35 சதவீதம். நுரையீரல் அழற்சிதான் பெரியவர்களுக்கு முக்கியமான ஆபத்து, புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அதற்காகக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சொறிந்த புண்ணில் பாக்டீரியா நுழைந்து சீழ் பிடிப்பது சாதாரணமாக நடக்கிறது, அது இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து, அரிதாக மூளையிலும் அழற்சி வரும். காய்ச்சல் 4 நாளைத் தாண்டினால், போய்விட்டுத் திரும்பி வந்தால், ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் சூடாகச் சிவந்து வலித்தால், பிள்ளை தூங்கி வழிந்தால், நடை தள்ளாடினால், கழுத்தை வளைக்க முடியவில்லை என்றால், மூச்சுத் திணறினால், யோசிக்காமல் மருத்துவரிடம் போங்கள். போவதற்கு முன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், காத்திருக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியாது.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். சின்னம்மை வந்த பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ரேய் நோய்க்குறி என்று கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஒன்று வரலாம், அரிதுதான், ஆனால் உயிரை எடுக்கக் கூடியது. ஐபுபுரூஃபனையும் தவிர்க்கச் சொல்கிறார்கள், தோலில் மோசமான பாக்டீரியா தொற்றோடு அதைத் தொடர்புபடுத்திப் பேசுவதால்.

எங்களுக்கு இதில் உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது என் நுரையீரல் அல்ல. எனக்குக் கொப்புளம் போடுவதற்கு முந்தின நாள் மைத்துனி வீட்டுக்கு வந்து மாலை முழுக்க உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருந்தாள். அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. கர்ப்பத்தின் முதல் 20 வாரத்துக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்தால் குழந்தையின் கை கால், கண், மூளை வளர்ச்சியில் குறை ஏற்படலாம், வாய்ப்பு 2 சதவீதம் வரைதான் என்றாலும் நம் வீட்டுப் பெண் என்று வரும்போது 2 என்பது சின்ன எண்ணாகத் தெரியாது. தாய்க்கும் நுரையீரல் அழற்சி வரலாம். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் போட்டால் அது பச்சைக் குழந்தைக்கு மிகவும் ஆபத்து, தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போய்ச் சேர நேரம் கிடைக்காது. மைத்துனிக்குச் சிறு வயதில் வந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. மாமியார் வந்தது என்கிறார், மாமனார் அது அக்காவுக்கு என்கிறார். மருத்துவர் இந்தப் பஞ்சாயத்தைக் கேட்டுவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், எதிர்ப்புச் சக்தி இருப்பதாக மறுநாள் முடிவு வந்தது. நினைவில்லை என்று சொல்லும் பெரியவர்களில் பலருக்கு இப்படித்தான், உண்மையில் வந்துபோயிருக்கும். இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஊசி போட்டிருக்க முடியாது, இது உயிருள்ள, வலு குறைக்கப்பட்ட வைரஸால் ஆன ஊசி, கர்ப்பத்தில் போடக் கூடாது. எதிர்ப்பொருளை நேரடியாக உடலில் ஏற்றும் வேறு ஒரு ஊசி இருக்கிறது, அதைத் தொற்றிய 10 நாளுக்குள் போட வேண்டும், எல்லா இடத்திலும் உடனே கிடைப்பதுமில்லை. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் அதற்கு முன்பே இதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் இரண்டு டோஸும் போட்டுவிட்டு, அதன்பின் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், சில மருந்து நிறுவனங்கள் மூன்று மாதம் என்கின்றன, உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்பதற்காகக் குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

வேறு யாருக்குப் போடக் கூடாது என்றால், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுப்பவர்கள். ஊசி மருந்தில் சேரும் ஜெலட்டின், நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இவற்றுக்குக் கடுமையான ஒவ்வாமை இருந்தாலும் கூடாது. அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் சொல்லிவிடுங்கள், சில மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும். லேசான சளிக்கெல்லாம் தள்ளிப்போடத் தேவையில்லை. எம்எம்ஆர் ஊசியையும் இதையும் ஒரே நாளில் இரண்டு இடத்தில் போடலாம், ஒரே நாளில் போடவில்லை என்றால் 4 வாரம் இடைவெளி வேண்டும். ஊசிக்குப் பின் 6 வாரம் பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊசி போட முடியாத பிள்ளைகளுக்குச் சுற்றி இருக்கும் மற்றவர்கள் போட்டுக்கொள்வதுதான் காவல், என் மகன் படிக்கும் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

பக்க விளைவு என்று பார்த்தால், போட்ட இடத்தில் வலி, சிவப்பு, சிலருக்குக் காய்ச்சல், சிலருக்கு ஊசிக்குப் பின் ஒரு மாதத்துக்குள் நாலைந்து புள்ளிகள். அப்படிப் புள்ளி வந்தால் காயும் வரை கர்ப்பிணிகளிடமிருந்தும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடமிருந்தும் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், ஊசி வைரஸ் அடுத்தவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது, இருந்தாலும். கூட்டு ஊசியை முதல் டோஸாக ஒன்று, ஒன்றரை வயதில் போடும்போது காய்ச்சல் வலிப்பு வரும் வாய்ப்பு தனித்தனியாகப் போடுவதைவிடச் சற்று அதிகம், சுமார் 2,300 பிள்ளைகளுக்கு ஒருவர் கூடுதல். குடும்பத்தில் வலிப்பு இருந்தால் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, என்னை வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் சொன்ன ஒன்று. இயற்கையாக வந்து போவதுதான் நல்லது, ஆயுளுக்கும் பாதுகாப்பு, சின்ன வயதிலேயே வந்த பிள்ளையோடு விளையாட விட்டு வரவழைத்துவிட வேண்டும் என்று. வந்து போனால் பெரும்பாலும் மறுபடி வராது, அது உண்மைதான். ஆனால் வைரஸ் போவதில்லை. நரம்பு வேர்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது, வயதான பிறகோ உடம்பு தளர்ந்த பிறகோ அக்கியாக எழுந்து வருகிறது. மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் அக்கி வரும், அந்த வலி மாதக்கணக்கில் படுத்தும். ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் அக்கி வரலாம், ஆனால் நோய் வந்துபோன பிள்ளைகளைவிட மிகவும் குறைவு. இந்த அக்கியை வைத்து ஒரு பெரிய தயக்கமும் இருந்தது. சின்னம்மை ஊரில் சுற்றிக்கொண்டிருந்தால் பெரியவர்களின் எதிர்ப்புச் சக்தி அவ்வப்போது தூண்டப்படும், பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டு அதை நிறுத்திவிட்டால் பெரியவர்களுக்கு அக்கி கூடிவிடும் என்பது வாதம். பிரிட்டன் பல வருடம் பொதுத் திட்டத்தில் சேர்க்காமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவின் நீண்டகால அனுபவத்தில் பயந்தபடி நடக்கவில்லை, 2023 நவம்பரில் பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு இரண்டு டோஸுக்குப் பரிந்துரை செய்தது, 2026 ஜனவரியில் திட்டத்தில் சேர்த்தும்விட்டார்கள். அமெரிக்காவில் முதல் 25 ஆண்டுகளில் 9 கோடிக்கு மேற்பட்ட நோயையும் சுமார் 2,000 மரணங்களையும் இந்த ஊசி தடுத்திருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த ஊசியைக் கண்டுபிடித்த மிச்சியாக்கி தகாஹாஷி என்ற ஜப்பானியரும் ஒரு தகப்பன்தான். 1960-களில் அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை கடுமையாக வந்து மூச்சே திணறியது. அந்த இரவுகளை மறக்க முடியாமல்தான் அவர் இந்த வைரஸைக் கையில் எடுத்தார், 1974-இல் ஊசி தயாரானது. அது தானாகச் சரியாகிவிடும் நோய்தானே என்று அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்களா தெரியவில்லை.

மகனுக்கு இனி இந்த ஊசி தேவையில்லை, எனக்கும் இல்லை. மகளுக்கு வயது இரண்டு, மகனுக்குப் புள்ளி போட்டபோது அவளும் அதே படுக்கையில்தான் தூங்கினாள், ஒரு டோஸ் போட்டிருந்தது, ஒன்றும் வரவில்லை. நான் வீடு திரும்பிய மறுவாரம் அவளுக்கு இரண்டாவது டோஸும் போட்டாயிற்று.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையோடு வெளியான படத்தில் முகம் தெரியாத அளவுக்குக் கொப்புளம் போட்ட குழந்தை இருந்தது. சின்னம்மை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்ததால்தான் முப்பது புள்ளியைப் பூச்சிக்கடி என்று விட்டேன். அடுத்த முறை எழுதும்போது ஊசி போட்ட பிள்ளைக்கு வருகிற அந்த லேசான சின்னம்மையின் படத்தையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவன்